ஆள் இல்லாத வீடும் எக்காளச் சத்தமும்

கேள்வி: எனக்கு வயது 27. கண்டிப்பான ஒரு பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தேன். நகை, சினிமா, மருந்து எதுவும் கிடையாது. எக்காளம் ஊத, இயேசு வந்து உண்மையான விசுவாசிகளை மட்டும் வானத்துக்கு எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்று சொல்லி வளர்த்தார்கள்; இதைத்தான் ‘வருகை’ என்போம். நம்பிக்கை போய், சபையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் வேலை முடிந்து வந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அம்மாவைக் காணோம். ‘வருகை நடந்துவிட்டது, நான் கைவிடப்பட்டேன்’ என்று உடம்பே நடுங்கிவிட்டது. அம்மா பக்கத்து வீட்டில்தான் இருந்தார். இப்படி அடிக்கடி ஆகிறது. சபைக்கே திரும்பிவிடலாமா?

பதில்: உங்களுக்கு வந்தது பதற்றத் தாக்குதல். இத்தகைய சபைகளில் வளர்ந்தவர்கள், வீடு வெறிச்சென்று கிடந்தால் இதே பயம் வருவதாகச் சொல்வதுண்டு. எக்காளம் எந்த நேரமும் ஊதும் என்று யோசிக்கத் தெரியாத வயதிலேயே கேட்டுக் கேட்டுப் பதிந்த பயம் இது. நாய் கடித்தவர், கட்டிப்போட்ட நாயைக் கண்டாலும் ஒதுங்கித்தானே போவார்? பைபிள் வசனத்துக்கு எதிர்வாதம் தேடி ராத்திரி முழுக்க யூடியூபில் உட்கார்ந்தாலும் இது போகாது.

அமெரிக்க உளவியலாளர் மார்லின் வைனல் 2011இல் இத்தகைய பாதிப்புகளுக்கென்று தனிப்பெயரே வைத்தார். ஆனால் அது அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் இல்லை. அதனால் உங்கள் மருத்துவச் சீட்டில் பதற்ற நோய் என்றோ ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) என்றோ எழுதப்படலாம். மிரளாதீர்கள்.

முதலில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். படபடப்புக்கு அவையும் காரணமாகலாம். மருந்தே நுழையாத வீட்டில் இதையெல்லாம் யார் பார்த்திருக்கப் போகிறார்கள்?

அப்புறம், ஆள் இல்லாத வீட்டில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அம்மாவுக்குப் போன், அவர் எடுக்காவிட்டால் சபையில் இன்னொரு விசுவாசிக்குப் போன். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். குரல் கேட்டதும் உயிர் வரும். அந்த நிம்மதிதான் அடுத்த பயத்துக்குத் தீனி. ‘போன் பண்ணியதால் தப்பித்தோம்’ என்று மூளை கணக்கு வைத்துக்கொள்கிறது. உளவியல் ஆலோசகரின் துணையோடு இதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். தனியாக இருக்கும்போது பத்து நிமிடம் போனைத் தொடாமல் இருங்கள். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டில் ஏறியது யாரும் ஒன்றும் செய்யாமலே நாலுக்கு இறங்குவதை நீங்களே பார்க்க வேண்டும். பிறகு இருபது நிமிடம். சில வாரங்கள் பிடிக்கும். நடுவில் ஒருநாள் மோசமாகவும் போகும்.

பயத்தில் சபைக்குத் திரும்புவதும் அந்தப் போன் மாதிரிதான், கொஞ்சம் பெரிய போன். கடவுளை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், அதில் டாக்டருக்கு வேலை இல்லை. முடிவை மட்டும் படபடப்பு அடங்கிய ஒரு நாளில் எடுங்கள்.

வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் தாமதிக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எப்போதும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். மாத்திரையைக் கையில் எடுக்கும்போதே ‘பாவம் செய்கிறோமோ’ என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். முதல் நாளே அவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டாவது வாரம் காரணம் சொல்லாமல் நிறுத்திவிடுவீர்கள்.