ஹுட்ஸ்பாவின் கடைசி எச் எதற்கு?

கேள்வி: சென்னையில் இருந்தபடி அமெரிக்கப் பதிப்பகங்களுக்கு காப்பி எடிட்டிங் செய்கிறேன். இப்போது கையில் உள்ள நாவலில் ஹுட்ஸ்பா, ஷ்லெப், ஷ்மக் என்று யிட்டிஷ் சொற்கள் நிறைய வருகின்றன. ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று ஸ்பெல்லிங். எதை வைத்துக்கொள்வது?

பதில்: ஆங்கில நாவல்தானே? அப்படியானால் ஆங்கில அகராதி சொல்வதே தீர்ப்பு. மெரியம்-வெப்ஸ்டரில் முதலில் வரும் வடிவத்தை ஸ்டைல் ஷீட்டில் குறித்துக்கொண்டு, புத்தகம் முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழப்பம் வந்ததற்குக் காரணம் உண்டு. யிட்டிஷ் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிவந்த மொழி, எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதப்படுவது. 1880களில் தொடங்கி லட்சக்கணக்கான யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போனபோது, அவர்கள் பேச்சை ஆளுக்கொரு விதமாக ரோமன் எழுத்தில் எழுதினார்கள். 'ஷ்' ஒலிக்கு ஜெர்மன் பழக்கத்தில் எஸ்-சி-எச் போட்டவர்கள் உண்டு, எஸ்-எச் போதும் என்றவர்களும் உண்டு. ஷ்லெப், ஷ்மூஸ் (அரட்டை அடிப்பது) இரண்டிலும் அகராதி முதலில் தருவது சி உள்ள வடிவத்தை.

ஹுட்ஸ்பாவை ஆங்கிலத்தில் சி-எச்-யு-டி-இசட்-பி-ஏ-எச் என்று எழுதுகிறார்கள். அது எபிரேயத்திலிருந்து யிட்டிஷுக்கு வந்த சொல். அப்படி வந்த சொற்களை யிட்டிஷில் எபிரேய ஸ்பெல்லிங் மாறாமலே எழுதுவது வழக்கம். அங்கே கடைசியில் நிற்கும், உச்சரிக்கப்படாத எழுத்துதான் ஆங்கிலத்தில் எச் ஆக ஒட்டிக்கொண்டது. முதலில் உள்ள சி-எச்சைப் பார்த்து 'சட்ஸ்பா' என்று படித்துவிடாதீர்கள். அது தொண்டையில் சிக்கிய மீன் முள்ளைக் காறி எடுக்கிற ஒலி. அது வராதவர்கள் 'ஹு' என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள்.

பொருள்? பழைய ஜோக் ஒன்று போதும். தாய் தகப்பனைக் கொன்றவன் நீதிமன்றத்தில் நின்று, "நான் அனாதை ஐயா, கருணை காட்டுங்கள்" என்றானாம். அந்த நெஞ்சழுத்தம்தான் ஹுட்ஸ்பா. யிட்டிஷில் இது வசைச்சொல். அமெரிக்க ஆங்கிலத்தில் பாதி பாராட்டாகவும் வரும். உங்கள் நாவலில் எது என்பதை முன்பின் வரிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

யிட்டிஷ் அறிஞர்களைக் கேட்டால் வேறு ஸ்பெல்லிங் சொல்வார்கள். 1925இல் வில்னாவில் (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) தொடங்கி, பிறகு நியூயார்க்குக்கு வந்த யிவோ என்ற யிட்டிஷ் ஆய்வு நிறுவனத்துக்குத் தனி முறையே இருக்கிறது. 2013இல் அமெரிக்க தேசிய ஸ்பெல்லிங் பீ என்ற எழுத்துக்கூட்டல் போட்டியில் இந்திய வம்சாவளிச் சிறுவன் அரவிந்த் மகாங்காளி வென்ற கடைசிச் சொல் 'க்னேடல்'. சூப்பில் மிதக்கும் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் கே-என்-ஏ-ஐ-டி-இ-எல் என்றான். போட்டியின் அகராதியும் அதுதான் என்றது. யிவோ முறையிலோ அது கே-என்-இ-ஒய்-டி-எல். இதை வைத்து அப்போது பெரிய விவாதமே நடந்தது. ஆனால் பரிசு பரிசுதான். நம் மிளகுத்தண்ணி ஆங்கிலத்தில் 'மல்லிகடானி' ஆகி, அதற்கென்று ஒரு ஸ்பெல்லிங்கும் வந்துவிட்டது. லண்டன் ஓட்டல் மெனுவில் போய் அதை நாம் திருத்துகிறோமா? யிட்டிஷ் மொழியைப் பற்றிய ஆய்வு நூலுக்கு யிவோ முறை, நாவலுக்கு வேண்டாம்.

மற்றவை சுலபம். ஷ்லெப் என்றால் மூட்டை முடிச்சோடு இழுத்துக்கொண்டு அலைவது. நாஷ் என்றால் கொறிப்பது, அச்சு அசலாக. க்வெட்ச் என்றால் ஓயாமல் புலம்புவது.

ஷ்மக்கில் மட்டும் உஷார். ஜெர்மன் தெரிந்தவர்கள் அதை நகை என்று நினைத்துக்கொள்வார்கள். யிட்டிஷில் அது ஆண்குறியைச் சொல்லும் கெட்ட வார்த்தை. அமெரிக்கர்கள் 'முட்டாள், அற்பன்' என்ற அளவில் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் யிட்டிஷ் பேசி வளர்ந்த ஒரு பாட்டி பேரன் பேத்திகள் முன்னால் அதைச் சொல்வது சந்தேகம்தான். உங்கள் நாவலில் அப்படி ஒரு பாட்டி சொன்னால், நீங்களாகத் திருத்த வேண்டாம், ஓரத்தில் ஆசிரியருக்கு ஒரு கேள்வி போடுங்கள்.

அப்புறம், அகராதியில் உள்ள சொற்களுக்குச் சாய்வெழுத்து தேவையில்லை. பாத்திரம் தன் கையால் எழுதும் கடிதம் நாவலில் வந்தால், அதில் உள்ள ஸ்பெல்லிங்கை அப்படியே விட்டுவிடுங்கள்.