டயாலிசிஸ் முடிந்து மறுநாளும் எழ முடியவில்லையே?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58, எடை 55 கிலோ. பாம்பனில் நாட்டுப்படகில் தொழில் பார்த்தவர். வாரம் இரண்டு தடவை ராமநாதபுரம் போய் நாலு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். வந்தால் மறுநாள் சாயங்காலம் வரை படுத்தே கிடக்கிறார். தண்ணீரைக் குறைத்தும் ஒவ்வொரு முறையும் நாலு கிலோ ஏறிவிடுகிறது. மறுபடி கடலுக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பதில்: டயாலிசிஸ் என்றால் அப்படித்தான் என்று இதை விட்டுவிடாதீர்கள். எங்களைப் போன்ற டாக்டர்கள் ரொம்ப நாள் ரத்தத்தில் சேரும் கழிவுகளான கிரியேட்டினினையும் யூரியாவையும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நோயாளிகளைக் கேட்டபோது அவர்கள் முதலில் சொன்னது சோர்வைத்தான். 'டயாலிசிஸ் முடிந்து பழைய நிலைக்கு வர எத்தனை மணி நேரம் ஆகிறது?' என்ற ஒரே கேள்வியை வைத்துப் பல நாடுகளில் நடந்த டாப்ஸ் ஆய்வு 2014-இல் வெளியானது. 12 மணி நேரத்துக்கு மேல் என்று சொன்னவர்கள் அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், அவர்களிடையே இறப்பும் கூடுதல்.

அப்பா விஷயத்தில் எனக்குச் சந்தேகம் அந்த நாலு கிலோ மேல்தான். அது உடம்பில் தேங்கும் நீர், டயாலிசிஸில் அதை இழுத்தாக வேண்டும். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் நீரை இழுத்தால் இதயத்துக்குச் சிரமம். 55 கிலோ ஆளுக்கு நாலு மணி நேரத்தில் ஏறக்குறைய 2.9 லிட்டர்தான் கணக்கு. நாலு லிட்டரை உறிஞ்சினால் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், ஆள் துவண்டுவிடுவார்.

தண்ணீரைக் குறைத்தும் ஏறுகிறது என்றால் உப்பைப் பாருங்கள். எட்டு கிராம் உப்பு உள்ளே போனால் உடம்பு சுமார் ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தாகமும் விடாது. நம் கரையில் கருவாடு இல்லாமல் கஞ்சி இறங்காது, தெரியும். ராத்திரி முழுக்க ஊறவைத்தாலும் அதில் உப்பு குறையுமே தவிர போகாது. பச்சை மீனை அளவாகக் கொடுங்கள், புளிப்பும் மிளகும் கூட்டிக்கொள்ளலாம். நாளுக்கு மொத்த உப்பு ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். கடையில் விற்கும் 'லோ சால்ட்' மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது ரத்தத்தில் கூடி இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். இளநீரும் அதே காரணத்துக்காக ஆகாது.

குடிக்கும் அளவு, முந்தின நாள் போன சிறுநீரோடு அரை லிட்டர். கஞ்சித் தண்ணீர், ரசம், டீ எல்லாம் இதில் சேர்த்தி. அப்புறம், டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஹீமோகுளோபின் எவ்வளவு, 'டிரை வெயிட்'டை, அதாவது தேங்கிய நீர் போன பிறகு இருக்க வேண்டிய எடையை, கடைசியாக எப்போது மாற்றினீர்கள். வாரம் மூன்று முறையாக்க முடிந்தால் இன்னும் நல்லது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் டயாலிசிஸ் உண்டு.

சரி, கடல். சோர்வு குறைந்து, டாக்டரும் சரி என்றால், டயாலிசிஸ் இல்லாத நாளில், ஆள் துணையோடு கரையோரமாகப் போய் வரலாம். ஊசி ஏற்றும் கையால் வலை இழுக்கக் கூடாது, அந்தக் கையில் கயிறும் சுற்றக் கூடாது. டயாலிசிஸ் அன்று ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். அன்றைக்குப் படகுப் பக்கமே போக வேண்டாம். கழுத்தில் குழாய் வைத்திருந்தால், அதை எடுக்கிற வரை கரையில் உட்கார்ந்து வலை பின்னட்டும்.