காற்றை யார் சுமப்பது?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த அமெச்சூர் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொண்டேன். 40 கி.மீ., மேடே இல்லாத பாதை. மாமல்லபுரம் பக்கமிருந்து சென்னை நோக்கித் திரும்பும்போது நாங்கள் நான்கு பேர் கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னால் வந்துவிட்டோம். கடைசி பத்து கிலோமீட்டரும் நானே முன்னால் நின்று காற்றை எதிர்த்து மிதித்தேன். முழங்கையை அசைத்து முறை கேட்டும் ஒருவர்கூட முன்னே வரவில்லை. சாலையின் இடது ஓரமாக ஒழுங்காகத்தான் ஓட்டினேன். முடிவுக் கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது மூவரும் என்னைத் தாண்டிவிட்டார்கள். உழுதவன் ஒருவன், அறுத்தவன் இன்னொருவன் என்றாகிவிட்டது. அடுத்த முறை நீயும் பின்னாலேயே ஒளிந்து வா என்கிறார்கள் நண்பர்கள். இது நியாயமா?

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

அந்த மூவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உங்கள் நண்பர்களின் யோசனைமேல்தான் வருகிறது.

எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் சாலைப் பந்தயத்தில் அடுத்தவர் மறைவில் ஓட்டுவது விதிக்கு உட்பட்டதே. ஒவ்வொருவராகப் புறப்படும் டைம் டிரயலில்தான் அது குற்றம். வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 40க்கு ஏறினால், காற்றைக் கிழிக்க மட்டும் இரண்டே கால் மடங்குக்குமேல் சக்தி வேண்டும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை அரை மீட்டரில் ஒட்டி வருபவர் தன் உழைப்பில் கால் பங்கையாவது மிச்சம் பிடித்துவிடுகிறார். மலையேற்றத்தில் வேகம் குறைவு, மறைவின் லாபமும் குறைவு. அங்கே வலுவுள்ளவர் பிறரை உதறிவிட்டுப் போகலாம்; சமதளத்தில் அது மிகக் கடினம். மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம். அதில் 35 கட்டங்கள் வென்று, 2024இல் பழைய சாம்பியன் எடி மெர்க்ஸின் சாதனையைக் கடந்த மார்க் கேவண்டிஷ், சமதள நாட்களில் கடைசிவரை தன் அணியினர் முதுகுக்குப் பின்னால் வந்து, இறுதி இருநூறு மீட்டரில்தான் வெளியே பாய்வார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியுமா?

இனி உங்கள் பத்து கிலோமீட்டர். இடது ஓரமாக ஓட்டினேன் என்கிறீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். சென்ற மாதம் ஆடி. அம்மியும் பறக்கும் காற்று. அந்தச் சாலை தெற்கு வடக்காகப் போகிறது. ஆடியில் கடற்காற்று எழும்வரை பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் அடிக்கும். வடக்கே வந்த உங்களுக்கு அது இடப்பக்கக் காற்று. பக்கக் காற்றில் மறைவு நேர் பின்னால் கிடைக்காது. சற்று விலகி, வலப்பக்கப் பின்புறம் கிடைக்கும். நீங்கள் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டதால் அவர்களுக்கு வலப்பக்கம் முழுவதும் காலி. மூவரும் சாய்வாக வரிசை கட்டிச் சுகமாக வந்திருப்பார்கள். பந்தயத்துக்கு ஒதுக்கிய பாதையின் வலது விளிம்பில் நீங்கள் ஓட்டியிருந்தால் ஒதுங்க அவர்களுக்கு இடமே இருந்திருக்காது. சில கிலோமீட்டரில் முறைக்கு வந்திருப்பார்கள், அல்லது ஒவ்வொருவராகக் கழன்றிருப்பார்கள். 2016இல் கத்தாரில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இப்படித்தான் உடைந்தது. பாலைவனத்தின் பக்கக் காற்றில் கூட்டம் சிதறியது. முன்னால் தப்பிய குழுவிலிருந்து பீட்டர் சாகன் வென்றார், கேவண்டிஷ் இரண்டாவது. இறுதிப் பாய்ச்சலில் பெயர் பெற்ற மார்செல் கிட்டெல் அந்தக் குழுவிலேயே இல்லை.

வண்டிகள் ஓடும் நாளில் வலது விளிம்பில் ஓட்டிப் பழகிப் பார்க்க வேண்டாம். அப்போது இடது ஓரம்தான் உயிருக்குக் காவல்.

முறை கேட்டும் அவர்கள் வராதபோது நீங்களும் மிதிப்பதைத் தளர்த்தியிருக்கலாம். பின்னால் வரும் கூட்டம் பிடித்துவிடுமே என்ற பயம் நால்வருக்கும் பொது; அதை நீங்கள் ஒருவரே சுமந்தீர்கள். வேகத்தை முப்பதுக்கு இறக்கி ஒதுங்கியிருந்தால் யாராவது ஒருவர் பொறுக்கமாட்டாமல் முன்னே வந்திருப்பார். கூட்டம் பிடித்தால் பரிசு அவர்களுக்கும் போய்விடும், அந்தக் கணக்கு அவர்களுக்கும் தெரியும்.

ஆனால் ஒளிந்தே வருவது என்று மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள். எல்லோரும் அப்படி நினைத்தால் 38 கி.மீ. ஊர்வலம், 2 கி.மீ. தள்ளுமுள்ளு என்று பந்தயம் பாழாகும். அந்தத் தள்ளுமுள்ளில்தான் ஒருவர் பின்சக்கரத்தில் இன்னொருவர் முன்சக்கரம் உரசி விபத்து நடக்கிறது. கூட்டத்தை உடைத்து நான்கு பேராக முன்னால் வந்தீர்களே, பார்க்க நின்றவர்களுக்கு அன்று பந்தயம் என்று ஒன்று கிடைத்தது அதனால்தான். அந்தத் துணிவை விடாதீர்கள். அரை நிமிடம் இழுங்கள், காற்று வரும் பக்கமாக விலகுங்கள், சற்றே தளர்ந்து வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒட்டும்போது டயரைப் பார்க்காமல் முன்னவரின் இடுப்பைப் பாருங்கள். அவர் எழுந்து மிதிக்கப் போவது அங்கேதான் முதலில் தெரியும்.

அடுத்த பந்தயத்துக்கு முதல் நாள், பந்தயம் முடியும் அதே நேரத்தில் கடைசி ஒரு கிலோமீட்டரை ஓட்டிப் பாருங்கள். மாலையில் போய்ப் பயனில்லை, கடற்காற்று எல்லாவற்றையும் மாற்றிவிடும். எதிர்க்காற்று என்றால் கோட்டுக்கு நூற்றைம்பது மீட்டர்வரை பொறுங்கள். பின்காற்று என்றால் முந்நூறிலேயே கிளம்பிவிடலாம். எந்த ஞாயிறு, எங்கே என்று எழுதுங்கள். பார்க்க வருகிறேன்.