கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் பதினைந்து நிமிடம்

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்கிறார்: "மகள் பி.காம். முடித்துவிட்டு காரைக்குடியில் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. காலையில் போனால் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் பஸ் ஏறுகிறாள். நாள் பூரா வேலை பார்த்தேன், ஒன்றுமே முடியலை என்று அழுகிறாள். வேலையை விட்டுவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லட்டுமா?"

ஆச்சி, இப்போதைக்கு வேண்டாம். நாள் பூரா உழைத்தும் ஒன்றும் முடியாதவர் சோம்பேறி இல்லை. கையில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்க்காமலே வேலையில் இறங்குகிறார், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் பேங்குக்குப் போனாலும் கூடவே வரும்.

எங்கே சறுக்குகிறது என்பதற்கு ஓர் உதாரணம். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் மாத விற்பனை பில்கள் மேசைக்கு வருகின்றன. ஜிஎஸ்டிஆர்-1, அதாவது ஜிஎஸ்டிக்கான விற்பனைக் கணக்கு, தாக்கல் செய்ய வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பில் கட்டைப் பிரித்து உடனே டேலி என்கிற கணக்கு சாப்ட்வேரில் பதிவு செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரியும், பில் எண் 118-க்கு அடுத்து 122 இருக்கிறது என்று. பட்டறைக்குப் போன் போட்டால் முதலாளி வெளியே போயிருக்கிறார். சரியென்று அடுத்த கட்டை எடுத்தால், வாங்கியவரின் ஜிஎஸ்டி எண் 15 எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 14தான் இருக்கிறது. அதுவும் நிற்கிறது. சாயங்காலம் நாலு கட்டுகள் பிரிந்து கிடக்கும், ஒன்றும் முடிந்திருக்காது. நாலரை மணிக்கு முதலாளி திரும்பக் கூப்பிடும்போதுதான் உண்மையான வேலையே ஆரம்பமாகும். ஒன்பது மணி பஸ்ஸுக்குக் காரணம் இதுதான்.

வீட்டில் கலியாணம் என்றால் நீங்கள் சிட்டை எழுதிக்கொண்டு முதலில் சமையல்காரரைத்தானே பிடிக்கிறீர்கள்? காய்கறி வாங்குவது கடைசியில். யாருக்காகக் காத்திருக்க வேண்டுமோ அவரிடம் முதலில் சொல்லி வைப்பது. ஆபீசிலும் அதே வரிசைதான்.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் அரைத் தாளில் ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து விஷயம் எழுத வேண்டும்: வேலை முடிந்ததும் கையில் என்ன இருக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், இப்போது என்ன இருக்கிறது, என்ன குறைகிறது, அது யாரிடம். "ஜிஎஸ்டி வேலை" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. "டைல்ஸ் பட்டறை, பில் வரிசை சரிபார்த்தல்" என்று எழுதினால் அது செய்யக்கூடிய வேலை. பில் எண் வரிசை, வாங்கியவரின் ஜிஎஸ்டி எண், அதன் முதல் இரண்டு இலக்கம் இந்த மூன்றையும் பதிவு செய்வதற்கு முன்பே புரட்டிப் பார்த்துவிட வேண்டும். 33 என்றால் தமிழ்நாடு. 32 என்றால் கேரளா. சரக்கு அங்கே போயிருந்தால் ஐஜிஎஸ்டி, அதாவது வெளிமாநில விற்பனைக்கான வரி. இதை உள்ளூர் விற்பனையாகப் போட்டுவிட்டு அப்புறம் திருத்துவது இரட்டை வேலை.

குறைகிறதையெல்லாம் சேர்த்து ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே வாட்ஸ்அப், பத்தரைக்குள். ஐந்து தடவை போன் செய்தால் அவரும் சலித்துக்கொள்வார். "இன்று மூன்று மணிக்குள் வேண்டும்" என்று நேரத்தையும் போட வேண்டும். அதற்குப் பிறகுதான், எல்லாம் கையில் இருக்கிற கட்டைப் பிரிப்பது.

மாதத்துக்கும் ஒரு வரிசை உண்டு. பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரியான டிடிஎஸ் கட்ட 7ஆம் தேதி (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30), மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதி, மொத்தக் கணக்கைக் காட்டி வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதி. வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ள உதவும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியல் 14ஆம் தேதிதான் வரும். அதற்கு முன்பே கொள்முதலை ஒப்பிட உட்கார்ந்தால் அதே வேலையை மறுபடி செய்ய நேரும்.

அடுத்தது நேரக் கணக்கு. நம் எல்லோருக்குமே இது குறைத்துத்தான் வரும். கடைசி ஆண்டு ஆய்வேடு எழுதும் கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டு, 1994இல் வெளியான ஓர் ஆய்வில் பதிவு செய்தார்கள். சொன்னது சராசரியாக 34 நாள், ஆனது 55 நாளுக்கும் மேல். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே நினைத்த நேரத்தையும் ஆன நேரத்தையும் மகள் குறித்து வரட்டும். இரண்டு வாரத்தில் தன் கணக்கு எவ்வளவு பிசகுகிறது என்று அவளுக்கே தெரிந்துவிடும். எட்டு மணி நேரத்தையும் நிரப்பக்கூடாது. ஐந்தரை மணி நேரத்துக்கு மட்டும் திட்டம் போதும். சீனியர் கூப்பிடுவார், பேங்குக்கு அனுப்புவார், மிச்சம் அதற்குப் போய்விடும்.

பாதியில் எழுந்தால் ஒரு வரி: "பில் 140 வரை பதிவு. 141 வரி விகிதம் கேட்க வேண்டும்." இது இல்லாவிட்டால் திரும்பி வந்ததும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

தாளை எழுதியதும் சீனியரிடம் காட்டி, "இந்த வரிசை சரியா, சார்?" என்று கேட்கட்டும். கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். எதை முதலில் முடிக்க வேண்டும் என்பது ஆபீஸ் முடிவு. அதை ஊகித்துத் தவறுவதுதான் கெட்ட பெயர். இதற்கெல்லாம் பதினைந்து நிமிடம் போதும். நாலு கலர் பேனாவும் புது ஆப்பும் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் திட்டம் போடுகிறவர்களும் உண்டு. அதுவும் வேலையைத் தள்ளிப்போடுகிற வழிதான்.

உங்கள் பங்குக்கு, மத்தியானம் போன் போட்டு "எப்போ கிளம்புவே" என்று கேட்பதை நிறுத்துங்கள். இரண்டு மாதம் பாருங்கள். கணக்கு முடிக்கிற சீசனில் எந்த ஆடிட்டர் ஆபீசிலும் நேரமாகும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சாதாரண மாதத்திலும் ஒன்பது மணியே ஆனால், குறை மகளிடம் இல்லை, வேலைதான் அதிகம். அப்போது அந்த மாதத்துத் தாள்களை எடுத்துக்கொண்டு போய் ஆடிட்டரிடமே பேசச் சொல்லுங்கள். எத்தனை கட்டு வந்தது, எதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கையில் கணக்கு இருந்தால், புகாராக எடுத்துக்கொள்ளாமல் காது கொடுத்துக் கேட்பார். அவர் ஆள் போடவும் இல்லை, கட்டைக் குறைக்கவும் இல்லை என்றால் பேங்க் பரீட்சையைப் பற்றி அப்போது பேசலாம்.