வாசகர் கேள்வி: ஒரு பாட்டி, ஒரு பேத்தி, ஒரு தீவு

கேள்வி: பின்லாந்து எழுத்தாளர் டூவே யான்சனின் ‘தி சம்மர் புக்’ நாவலைப் பலமுறை பரிந்துரைத்துவிட்டீர்கள். பாதி படித்துவிட்டேன், ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு கிழவியின் அன்றாடத்தில் அப்படி என்னதான் ரசிக்கிறீர்கள்?

பதில்: அந்தப் பாட்டியின் வீம்பை ரசிக்கிறேன்! முதல் அத்தியாயத்தை இன்னொரு தடவை பாருங்கள். இரவு மழை பெய்து விடிந்த ஜூலைக் காலை. ஈரச் செடிகளுக்குள் பாட்டி எதையோ தேடுகிறாள். பேத்தி சோஃபியா கேட்டால் முதலில் மழுப்புகிறாள், பிறகுதான் பல்செட் விழுந்துவிட்டதென்று ஒப்புக்கொள்கிறாள். குழந்தைதான் கண்டெடுத்துத் தருகிறது. மாட்டுவதைப் பார்க்கலாமா என்று கேட்டதற்குக் கறாராக மறுத்துவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில், ‘நீ எப்போது சாவாய்?’ என்கிறது குழந்தை. சீக்கிரம்தான், ஆனால் அது உன் கவலை இல்லை என்கிறாள். இரண்டு பேச்சுக்கும் ஒரே குரல். எனக்கு அந்த இடம்தான் உயிர்.

முதியவர்களை எழுதும்போது பெரும்பாலோர் இரக்கத்தில் வழுக்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் ஞானியாக்கிவிடுகிறார்கள். இந்தப் பாட்டிக்குத் தலை சுற்றும், கைத்தடி வேண்டும். அதோடு ஒளிந்து சிகரெட் பிடிப்பாள், பொய் சொல்வாள், கோபித்துக்கொள்வாள். காட்டுக்குள் உட்கார்ந்து மரத்துண்டுகளில் விசித்திர மிருகங்களைச் செதுக்குவாள். என்ன செய்கிறாய் என்று கேட்டால், ‘விளையாடுகிறேன்’ என்பாள். பக்கத்துத் தீவில் ஒருவர் புது வீடு கட்டி, அந்நியர் நுழையக்கூடாதென்று பலகை வைக்கிறார். வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் அவர் தீவில் கால் வைப்பது மரியாதை இல்லை, ஆனால் பலகை வைத்தால் போய்த்தான் ஆகவேண்டும் என்பது பாட்டியின் நியாயம். போகிறாள், கத்தியால் பூட்டையும் திறக்கிறாள். உரிமையாளர் படகில் வரும் சத்தம் கேட்டதும் பாட்டியும் பேத்தியும் ஒளிய ஓடுவதை நான் வாய்விட்டுச் சிரித்துப் படித்தேன்.

‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்கிறீர்கள். சோஃபியாவின் அம்மா இறந்துவிட்டாள் என்பது ஒரே வரியில் போகிறதே, கவனித்தீர்களா? அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தக் குழந்தை மண்வெட்டியில் துண்டான மண்புழுவுக்காகத் துடித்துப்போய், அதைப் பற்றி ஒரு கட்டுரையே சொல்லச் சொல்லப் பாட்டி எழுதிக்கொள்கிறாள். எதற்காக இந்தத் துடிப்பு என்று நாவல் விளக்குவதில்லை. பின்லாந்து வளைகுடாவின் சின்னத் தீவில் நடக்கும் இதை யான்சன் 1972-ல் வெளியிட்டார். பாட்டிக்கு அவருடைய அம்மாதான் முன்மாதிரி. அந்த அம்மா 1970-ல் இறந்திருந்தார்.

ஒரே மூச்சில் படிக்காதீர்கள். ஒவ்வோர் அத்தியாயமும் தனிக்கதை மாதிரி நிற்கும், ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

கேள்வி: எழுபது தாண்டிய என் அம்மாவுக்கு இதைக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. ‘உங்க வயசுக்கு ஏத்த புத்தகம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பூட்டு உடைக்கும் அத்தியாயத்தைத் திறந்து கையில் கொடுங்கள்.