செற் புதுசு, சத்தம் காணாது: வாகனக் கேள்வி பதில்

கேள்வி: யப்பானில் இருந்து இறக்கிய பிறீமியோ கார். பழைய றேடியோ செற்றில் எவ்.எம். 90க்கு மேல் போகாததால் புது அன்ட்ரொயிட் செற் போட்டோம். இப்போது சத்தத்தை 40இல் 30 வைத்தாலும் காணாது, பாஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) அறவே இல்லை. அம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) ஒன்று போடச் சொல்கிறார்கள். போடலாமா? – வாசகர், மாங்குளம்

பதில்: அம்புக்குக் காசு எடுத்துவைக்க முதல் ஒரு சின்னச் சோதனை. ஒரே அளவில் எவ்.எம்., யூ.எஸ்.பி., புளூரூத் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். புளூரூத் மட்டும் மெதுவாக இருந்தால் போனின் சத்தத்தை முழுதாகக் கூட்டிவிட்டு, செற்றில் குறைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் வேலை. எவ்.எம். மட்டும் மெதுவாகவும் இரைச்சலாகவும் இருந்தால், செற்றின் நீல வயர் அன்ரெனா பூஸ்டருக்கு (சிக்னலைக் கூட்டும் பகுதி) போகாமல் இருக்கலாம். மூன்றுமே மெது என்றால் பழுது ஸ்பீக்கர் பக்கம்.

பாஸ் இல்லை என்று நீங்கள் எழுதியதுதான் பெரிய தடயம். செற்றில் இட, வலச் சத்தத்தைப் பிரிக்கும் பலன்ஸை முழுதாக இடப்பக்கமும் பிறகு வலப்பக்கமும் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பாடும்போது பாஸ் திரும்பி வந்து, நடுவில் வைத்ததும் காணாமல் போனால், ஒரு பக்க ஸ்பீக்கருக்கு நேரும் மறையும் மாறிக் கிடக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளும் நேரம் மற்றது உள்ளே இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

சரிபார்க்க 1.5 வோல்ற் பென்சில் பற்றரி ஒன்று போதும். செற்றின் பின்னால் உள்ள பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் இரு வயரிலும் பற்றரியை ஒரு நொடி தொடுங்கள். கூம்பு வெளியே வந்தால் பற்றரியின் நேர்முனை தொட்ட வயரே ஸ்பீக்கரின் நேர். நான்கையும் இப்படிப் பார்த்து அடையாளம் போடுங்கள். கார் பற்றரியால் தொட்டுவிட வேண்டாம், கொயில் எரியும்.

இந்தப் பிழை பெரும்பாலும் நிறத்துக்கு நிறம் பார்த்து வயரை முறுக்குவதால் வருவது. புதுச் செற்றில் மஞ்சள் நிரந்தரக் கரண்ட், சிவப்பு சாவி போட்டதும் வருவது, கறுப்பு ஏர்த். முன் இடம் வெள்ளை, முன் வலம் சாம்பல், பின் இடம் பச்சை, பின் வலம் ஊதா. கறுப்புக் கோடு உள்ளது மறை. பல ரொயோட்டாக்களில் கதையே வேறு. அங்கே கறுப்பும் மஞ்சளும் பின் இட ஸ்பீக்கர், சிவப்பும் வெள்ளையும் பின் வல ஸ்பீக்கர்! நிரந்தரக் கரண்ட் மஞ்சள் கோடு போட்ட நீலத்திலும், சாவிக் கரண்ட் சாம்பலிலும், ஏர்த் மண்ணிறத்திலும் வரும். மல்ரிமீற்றரால் பார்க்காமல் ஒட்டினால் செற்றின் அவுட்புட் ஐ.சி. (ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கும் சிப்) போய்விடும். ரொயோட்டாவுக்கான 10 பின், 6 பின் அடப்டர் வாங்கிச் செருகினால் இந்தத் தலையிடியே இல்லை.

வயர் எல்லாம் சரி என்றால் செற்றின் எச்.பி.எவ். அமைப்பை, அதாவது வைத்த அளவுக்குக் கீழான தாழ்ந்த ஒலியை வெட்டும் அமைப்பைப் பாருங்கள். 120 ஹேர்ட்ஸில் வைத்திருந்தால் கதவு ஸ்பீக்கரில் பாஸ் வராது. 60 அல்லது 80க்கு இறக்குங்கள். பெட்டியில் 50 வாற்ஸ் × 4 என்று அடித்திருப்பதை நம்ப வேண்டாம். 14.4 வோல்ற்றில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு இந்தச் செற்றுகள் சத்தம் உடையாமல் தருவது 20 வாற்ஸை ஒட்டித்தான். இத்தனைக்கும் பிறகு சத்தம் காணாது என்றால் அம்ப் போடுங்கள்.

கேள்வி: டிப்பரில் இரண்டு பற்றரி, 24 வோல்ற். ஒன்றில் இருந்து 12 வோல்ற் எடுத்துச் செற்றுக்குக் கொடுத்தோம். சத்தத்தைக் கூட்டினால் செற் நின்று திரும்பவும் ஓன் ஆகிறது. – வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: ஊரில் பாதி டிப்பரில் இந்த வேலைதான் செய்திருக்கிறார்கள். அந்த ஒரு பற்றரி மட்டும் இறங்கும். அல்ரனேற்றர் இரண்டையும் ஒன்றாகவே சார்ஜ் பண்ணுவதால் இறங்கியது ஒருநாளும் நிரம்பாது, மற்றது அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் வற்றும். எஞ்சினை நிறுத்திச் சில மணித்தியாலம் கழித்துத் தனித்தனியே அளந்து பாருங்கள். நிரம்பிய பற்றரி 12.6 வோல்ற்றை ஒட்டிக் காட்டும். 12க்கு வந்துவிட்டால் அது காலியாகும் நிலை. பாஸ் அடிக்கும்போது வோல்ற் இன்னும் விழ, செற் தானே நின்றுவிடுகிறது.

இரண்டையும் தனித்தனியே சார்ஜ் பண்ணிவிட்டு, 24இல் இருந்து 12 ஆக்கும் 10 அம்பியர் கொன்வேற்றர் ஒன்று போடுங்கள். அதற்கான பியூஸ் பற்றரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். செற்றுக்கு மட்டும் 10 அம்பியர் போதும். 200 வாற்ஸ் அம்பும் சேர்த்தால் அது தனியாக 25 அம்பியர் வரை இழுக்கும், அதற்குப் பெரிய கொன்வேற்றர் வேண்டும்.

கேள்வி: ட்ரக்டரில் நான்கு ஸ்பீக்கர், ஒவ்வொரு பக்கமும் இரண்டை ஒன்றாகக் கட்டியிருக்கிறோம். அரை மணித்தியாலத்தில் செற் சுட்டுச் சத்தம் அறுகிறது. – வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாகக் கட்டினால் 2 ஓம். செற் தாங்காது, சூடேறித் தன்னைக் காக்க நிறுத்திக்கொள்கிறது. தொடராகக் கட்டினால் 8 ஓம், சுடாது, ஆனால் சத்தம் குறையும். செற்றில் நான்கு அவுட்புட் இருக்கிறதே, ஒன்றுக்கு ஒன்றாகக் கொடுங்கள். மறை வயர்களை ஒன்றாக்கி ட்ரக்டர் பொடியில் ஏர்த் பண்ணும் பழைய பழக்கமும் வேண்டாம், இந்தச் செற்றுகளின் மறை முனை ஏர்த் அல்ல.

கேள்வி: ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் சத்தம் பழையபடி தொடக்க அளவுக்குப் போய்விடுகிறது, மணிக்கூடும் பிழை. – வாசகர், செட்டிகுளம்

பதில்: மஞ்சள் வயர் சாவிக் கரண்டில் கிடக்கிறது. நிரந்தரக் கரண்டுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: கூட்டத் திருப்பினால் சத்தம் குறைகிறது, சிலவேளை தானே ஏறுகிறது. – வாசகர், முழங்காவில்

பதில்: கிறவல் றோட்டுப் புழுதி சத்தம் கூட்டும் திருகிக்குள் போய்விட்டது. பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, திருகியின் மூடியை நேராக இழுத்தெடுத்து, தண்டின் அடியில் கொன்ராக்ற் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, இரு பக்கமும் இருபது, முப்பது தரம் திருப்புங்கள். அரை மணித்தியாலம் காயவிட்டே கரண்டைக் கொடுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிறே வேண்டாம், அது நின்று இன்னும் புழுதி பிடிக்கும். திரும்பவும் வந்தால் திருகியை மாற்றத்தான் வேண்டும். ஈயம் பற்றவைக்கத் தெரிந்த றேடியோக் கடையில் செய்து தருவார்கள்.