26 வயதில் விரல் மூட்டு இறுக்கம்: வாதமாக இருக்குமா?

காலையில் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது, 26 வயதில் வாதம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். மூட்டுத் தேய்மானம்தான் வயதானவர்களுக்கு அதிகம். முடக்குவாதம் வேறு, உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவது. அது இளம் வயதிலும் தொடங்கும்.

வேலைப் பளுவால் வரும் வலி பொதுவாக ஓய்வில் குறையும். உங்களுக்கோ தூங்கி எழுந்த பிறகுதான் இறுக்கம்; அதுதான் எனக்கு இடிக்கிறது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கமா? தோலில் செதில் படை, அண்மையில் சிக்குன்குனியா காய்ச்சல் ஏதாவது உண்டா? அவையும் மூட்டைப் பிடிக்கும்.

தைலம் தேய்த்து நாளைக் கடத்தாமல் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். அப்புறம், முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. முடக்குவாதத்துக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆன்டி சிசிபி, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி பற்றியும் கேளுங்கள்.